கண்ணாடித் தொட்டியில் கடற்சாமந்தி வளர்த்தல்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பது மதுரை நகரத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் பலருக்குப் பிரியமான பொழுதுபோக்காக இருந்து வருகிறது. நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்களில் சிலர், அடுத்தபடியாக உப்புநீர்த் தொட்டி அமைக்க முற்படுகின்றனர். அவர்களுடைய மனத்தை முதலிற் கவர்வன கோமாளி மீனும், அம்மீன் குடியிருக்கும் கடற்சாமந்தியுமேயாம். கடைகளில் இதனை அனிமோன் என்று சொல்லி விற்கின்றனர். மீனுடன் சேர்த்து இதனையும் வாங்கி வந்து தொட்டியிலிட்டால், சில வாரங்களுக்குள் அது சுருங்கி அழுகிப் போவதே பெரும்பாலும் நேரிடுகிறது. அழுகும் சாமந்தி தனியே மடிவதில்லை. நீரைக் கெடுத்து, உடனிருக்கும் மீன்களையும் கொன்றுவிடக் கூடும். இந்நஷ்டத்துக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: இன்ன இனம் என்று அறியாமல் வாங்குவது ஒன்று, தொட்டி பக்குவப்படுமுன் அதனை விடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்கிக்கொள்ளும் வழி கீழே விவரிக்கப்படுகிறது.

பிராணியின் இயல்பு

பெயரும் தோற்றமும் பூவை ஒத்திருப்பினும் கடற்சாமந்தி செடியன்று. பவளப் பூச்சிக்கும் சொறிமீனுக்கும் உறவான பிராணியாகும். அதன் உடல் ஒரு தசைத் தூண் போன்றது. அடியிலுள்ள பாதத்தால் பாறையையோ மணலுக்கடியிலுள்ள கல்லையோ பற்றிக்கொள்ளும். மேலே வட்டமான தட்டும், தட்டின் நடுவில் வாயும், வாயைச் சுற்றிலும் உணர்கொம்புகளும் உண்டு. இரையை உட்கொள்வதும் கழிவை வெளியேற்றுவதும் அவ்வொரே வாயின் வழியாகத்தான். உணர்கொம்புகளில் கண்ணுக்குப் புலப்படாத கொட்டும் செல்கள் நிறைந்துள்ளன. சிறு மீனோ இறாலோ தீண்டினால் அவை விஷ இழைகளைப் பாய்ச்சி இரையை மயக்கிவிடும். கோமாளி மீனை மாத்திரம் அதன் உடலை மூடிய கோழைப் படலம் இதினின்று காக்கிறது.

வெப்பக் கடல்களில் கோமாளி மீனுக்கு இடங்கொடுக்கும் சாமந்திகளின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அப்பாசிகள் வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து, அதில் ஒரு பங்கைச் சாமந்திக்கு அளிக்கின்றன. பச்சை, தவிட்டு நிறங்கள் பெரும்பாலும் இப்பாசிகளால் வந்தவை. ஆகையால் இவற்றை வளர்ப்பவர் ஒரு பிராணியையும் ஒரு பயிரையும் ஒருங்கே வளர்ப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். இரை மாத்திரம் போதாது, வெளிச்சமும் வேண்டும்.

இதன் ஆயுள் நம்ப முடியாத அளவு நீண்டது. ஸ்காட்லாந்து தேசத்தில் சர் ஜான் டாலியல் என்பவர் 1828இல் கடற்கரைப் பாறையினின்று எடுத்த ஒரு சாமந்தி, எடின்பரோ நகரத்தில் சிறு கண்ணாடிச் சாடியொன்றில், ஒருவருக்குப் பின் ஒருவராகப் பலர் கையில் வளர்ந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்று, 1887இல்தான் மடிந்தது. அது குளிர்க்கடல் இனம். அவ்வினத்துக்குப் பாசியின் துணை தேவையில்லை. ஆயினும், ஒழுங்காக நீர் மாற்றி அளவாக இரை கொடுத்தால் 59 வருஷம் சாடியில் வாழக்கூடிய ஜாதி, கவனக் குறைவினால் சில வாரங்களில் மடிவது எத்தகைய நஷ்டம் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

இனங்களை அறியும் விதம்

கோமாளி மீன்களில் உலகெங்கும் சுமார் 30 இனங்கள் உண்டு. அவற்றுக்கு இடங்கொடுக்கும் சாமந்தி இனங்களோ பத்தே. நிறத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. ஓர் இனத்திலேயே பல நிறங்கள் உண்டு. உணர்கொம்பின் வடிவம், தூணின் தன்மை, பாதம் ஊன்றும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்தல் வேண்டும். கடைகளில் காணக்கூடிய முக்கிய இனங்களின் அடையாளங்கள் பின்வருமாறு:

(1) கம்பளச் சாமந்தி: ஸ்டைகோடாக்டைலா ஹத்தோனி என்பது சாஸ்திரப் பெயர். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மணற்பாங்கான இடங்களில் வாழ்வது. தட்டு கம்பளம் விரித்தாற்போல அகன்று, விளிம்பு மடிப்பு மடிப்பாயிருக்கும். உணர்கொம்புகள் குட்டையானவை, விளிம்பில் நெட்டையும் குட்டையும் மாறி மாறி நிற்கும். தொட்டால் விரலில் பலமாக ஒட்டும். முழு வளர்ச்சியில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்டு 80 வரையிலும் அகலும்.

(2) ராட்சதக் கம்பளம்: ஸ்டைகோடாக்டைலா ஜைஜான்டியா. மேற்கண்டதற்கு நெருங்கிய உறவு. உணர்கொம்புகள் சற்று நீண்டு, நீரசைவு இல்லாதபோதும் நடுங்கிக்கொண்டேயிருப்பது இதன் அடையாளம்.

(3) மகாச் சாமந்தி: ஹெடராக்டிஸ் மக்னிஃபிகா. பாறையின் உச்சியில் வெளிப்படையாக அமர்வது. தூண் முழுவதும் ஊதா, சிவப்பு முதலிய ஒரே நிறமாயிருக்கும். உணர்கொம்புகள் விரலைப் போன்று நுனி மழுங்கியவை. அடிக்கடி இடம் பெயரும் சுபாவமுள்ளது.

(4) தோல் தூண் சாமந்தி: ஹெடராக்டிஸ் கிரிஸ்பா. தூண் பழுப்பேறிய தோலைப் போன்று, ஒட்டும் கொப்புளங்களுடன் இருக்கும். உணர்கொம்புகள் நீண்டு கூர்மையானவை. பல சமயம் நுனி ஊதா நிறமாயிருக்கும். வியாபாரிகள் இதனைச் செபே அனிமோன் என்கின்றனர். இப்பெயரைக் கேட்டு ஏமாறலாகாது. இப்பக்கத்துக் கடலில் கிடைக்கும் செபே என்னும் கோமாளி மீன் இயற்கையில் குடியிருப்பது இதிலன்று. முதலிற் கூறிய கம்பளச் சாமந்தியிலேயாம்.

(5) குமிழ்நுனிச் சாமந்தி: என்டக்மியா குவாட்ரிகலர். உணர்கொம்பின் நுனிக்குச் சற்றுக் கீழே சிறு குமிழ் காணும். சில வேளைகளில் குமிழ் மறைந்து கொம்பு நீண்டுவிடும். அப்போது தூணைப் பார்க்க வேண்டும். அது கொப்புளமின்றி வழவழப்பாக இருக்கும். பாதத்தைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துக்கொள்ளும்.

இவையன்றி, குழாய்ச் சாமந்தி என்ற ஒன்றும் விற்பனைக்கு வருவதுண்டு. இது மெய்யான சாமந்தியன்று. தானே சுரந்து கட்டிய மெல்லிய குழாய்க்குள் வாழும். வாயருகே குட்டைக் கொம்புகளும் விளிம்பில் நீண்ட கொம்புகளுமாக இரண்டு வரிசைகள் உண்டு. கோமாளி மீன் இதனைச் சேராது. பாறைத்துண்டுகளுடன் தானாகவே வந்து சேரும் ஐப்டேசியா என்னும் சிறு கண்ணாடிச் சாமந்தியோ, தொட்டிக்கு ஒரு களையே. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் தவிட்டு நிறமாகத் தோன்றும். இதனை நசுக்கவோ கிள்ளவோ கூடாது. கோரைக் கிழங்கைக் கொத்திவிட்டாற்போல, அறுந்த துண்டு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். நீரோட்டத்தை நிறுத்தி, சுத்தமான நீற்றுச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, ஊசிக்குழாயால் அதன் வாயில் வைத்துக் கொல்வது வழக்கம். ஒரு நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் இவ்வாறு செய்யலாகாது. மிஞ்சினால் நீரின் காரத்தன்மை ஏறிவிடும்.

வீட்டுக்கு ஏற்ற இனம்

மேற்கூறிய ஐந்தில் வீட்டுத் தொட்டிக்குத் தகுந்தது குமிழ்நுனிச் சாமந்தி ஒன்றே எனலாம். நன்றாகப் பராமரித்தால் இது தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகும். ஆகவே, கடலினின்று பிடிபடாமல் தொட்டியிலேயே பிறந்த கன்றுகளைக் கேட்டு வாங்க இயலும். அவை தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை, வழிப்பயணத்தில் அடிபடாதவை. மற்ற நான்கு இனங்களும் தொட்டியில் பெருகுவது மிக அரிது. அவற்றை விற்பனையில் கண்டால் கடலிலிருந்து பெயர்க்கப்பட்டவையென்றே பெரும்பாலும் கொள்ளவேண்டும். கடலில் ஒரு கம்பளச் சாமந்தியைப் பெயர்த்தால், அதனை நம்பி வாழும் செபே மீன்களும் புகலிடம் இழக்கின்றன.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பூங்கா எல்லைக்குள் எந்த ஜீவராசியையும் எடுத்தல் குற்றமாகும். கல்பவளங்கள் யாவும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகையால் அலங்காரத்துக்காகப் பவளப்பாறைத் துண்டுகளை வாங்குவதும் கூடாது. அவற்றுக்குப் பதிலாக, தொட்டிகளுக்கென்றே செய்த பீங்கான் பாறைகளையோ, வர்ணமும் மெருகும் பூசாத சுட்ட மண்பாண்டங்களையோ உபயோகிக்கலாம். மானாமதுரையில் வனையும் சட்டிகளைக் கவிழ்த்து ஒரு பக்கம் வாயில் திறந்து வைத்தால், சாமந்தி பாதம் ஊன்றவும் மீன் முட்டையிடவும் இடம் அமையும்.

கோமாளி மீனையும் குஞ்சுபொரிப்பகத்தில் பிறந்ததாகவே வாங்குதல் நலம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் மண்டபத்தில் தொடங்கப்பட்டது. தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாற்றப்பட்ட பின்னும் மண்டபத்தில் அதன் கிளை இயங்கி வருகிறது. கோமாளி மீன்களைச் செயற்கை முறையில் இனப்பெருக்கஞ் செய்யும் வழிகளை அந்நிலையத்தார் வகுத்துள்ளனர். இன்னொன்றும் அறிய வேண்டுவது: தொட்டியில் கோமாளி மீன் சாமந்தி இல்லாமலும் சுகமாக வாழும். மீனின்பொருட்டுச் சாமந்தி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

நீர்

மதுரையிலிருந்து மண்டபக் கடற்கரை சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம். வாரந்தோறும் அங்கிருந்து கடல்நீர் கொண்டுவருதல் யாவர்க்கும் இயலாது. கொண்டுவரக்கூடியவர்களும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளங்கள் கலந்து கரையோர நீரின் உப்பு குறைந்துவிடும். மதுரையின் வைகையே, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போக மிஞ்சிய வெள்ளத்தைப் பாக் விரிகுடாவில்தான் சேர்க்கிறது.

ஆதலால் தொட்டிகளுக்கென்று தயாரித்த கடலுப்புக் கலவையைக் கரைத்துக்கொள்வதே சுலபம். சமையல் உப்பு இதற்கு உதவாது; கடல்நீரிலுள்ள மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன அதில் போதிய அளவில் இல்லை. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம், 200 லிட்டர் தொட்டிக்குச் சுமார் 7 கிலோ கலவை வேண்டும். உப்பளவியில் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

கரைப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரை உபயோகிக்கலாகாது. மதுரைச் சமவெளியில் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. குழாய் நீரில் குளோரின் உண்டு. சவ்வூடு வடிகட்டி, அதன்பின் அயனி நீக்கும் பிசினிலும் செலுத்திய நீரே ஏற்றது. செம்பு எவ்வடிவிலும் தொட்டியிற் சேரலாகாது. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு விற்கும் செம்பு மருந்துகள் சாமந்தியைக் கொன்றுவிடும். போர்டோ கலவைக்காக மயில்துத்தத்தைக் கையாண்ட விவசாயி, கையை நன்கு கழுவாமல் தொட்டியைத் தொடலாகாது. பூச்சிமருந்துக்கும் இவ்விதியே பொருந்தும்.

தொட்டி பக்குவப்படுதல்

வயலில் இட்ட எருவினின்று தோன்றும் அம்மோனியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. தொட்டியிலும் மணல், பாறைகளின்மேல் அத்தகைய நுண்ணுயிர்கள் பெருகினாலன்றி மீனின் கழிவு விஷமாகவே நிற்கும். இவை நிலைபெறச் சுமார் ஆறு வாரம் பிடிக்கும். அதன்பின் மீன்களை விடலாம். சாமந்தியை விடுவதற்கோ, தொட்டி அமைத்து ஆறு மாதமாவது கழிய வேண்டும். புழுதியில் ஈரம் சேருமுன் விதைத்தவன் நிலை அவசரப்படுவோர்க்கு நேரும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இராமலும், நைட்ரேட் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குக்குக் குறைந்தும், காரநிலை 8.1 முதல் 8.4 வரையிலும் பல வாரங்கள் ஒரே சீராக நின்றால் தொட்டி பக்குவமாயிற்று எனலாம்.

குமிழ்நுனி இனத்துக்கு 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். கம்பளச் சாமந்திக்கோ 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரமுள்ள தொட்டியும், பாதம் புதையப் பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மணலும் வேண்டும். அத்தொட்டி 432 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, மணலுடன் அதன் பாரம் அரை டன்னை எட்டும். மச்சு வீட்டில் இதனை வைப்பது யோசிக்கத் தக்கது. அவ்வினத்தை விலக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். பவளம் வளர்ப்பதற்கென்று செய்த எல்.இ.டி. விளக்கைத் தினந்தோறும் பத்து மணி நேரம் எரியவிட வேண்டும்.

உஷ்ணம்

மதுரைவாசிகளுக்குப் பெருந்தொல்லை இதுவே. தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் உத்தமம். சித்திரை, வைகாசியில் நகரின் வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது, மூடிய அறையிலுள்ள தொட்டியும் 32 டிகிரிக்கு ஏறிவிடும். அந்த உஷ்ணம் நீடித்தால் சாமந்தி தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்ததும் இவ்விதமே.

தரைத்தளத்தில் வடக்குப் பார்த்த அறை தொட்டிக்கு நன்று. நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறி வீசச் செய்தால், நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி தணியும். மண்பானை நீர் குளிர்வதும் இந்நியாயத்தாலேதான். கோடைக் காற்று உலர்ந்திருக்கும் மதுரையில் இம்முறை நன்கு பலிக்கும். ஆவியாவது நீர் மாத்திரமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்குச் சுத்தமான நன்னீரையே தினமும் வார்க்க வேண்டும். உப்புநீரை வார்த்தால் உப்பு நாளுக்கு நாள் ஏறிப்போம். கடுங்கோடையில் விசிறி போதாத வீடுகளில் குளிர்ப்பான் இன்றியமையாதது. அதன் விலையையும் மின்செலவையும் தொட்டி வாங்குமுன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளைக்கு மின்கலத்தில் ஓடும் காற்றூதியொன்று கைவசம் இருக்கட்டும்.

வாங்குதலும் விடுதலும்

கடையில் வாய் இறுக மூடியிருப்பதையும், பாதம் கிழியாமல் எதையாவது பற்றியிருப்பதையும், உணர்கொம்பு ஒட்டுவதையும் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை வெளேரென்றிருப்பது அழகன்று. அது பாசியை இழந்து பட்டினி கிடக்கும் சாமந்தி. கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ நீலமோ தூண், தட்டு, கொம்பு யாவற்றிலும் ஒரே சீராயிருந்தால் சாயமேற்றியதென்று ஐயுற வேண்டும். கடற்கரையிலிருந்து கொண்டுவருவோர் இரவிற் பிரயாணஞ் செய்தல் நன்று. வீடு சேர்ந்ததும் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையிற் கலந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்கி, பிராணியை மாத்திரம் தொட்டியிலிட வேண்டும்.

சாமந்தி தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேடி நகரும். அவ்வாறு நகரும்போது நீரிறைக்கும் விசிறியில் அகப்பட்டு நறுங்குவது மிகச் சாதாரணமான விபத்து. ஆகவே விசிறி வாய்களைக் கடற்பஞ்சால் முன்னரே மூடிவைக்க வேண்டும். ஒரு முறை பற்றிய இடத்தினின்று அதனைப் பிய்த்தெடுக்கலாகாது. பாதம் கிழிந்த சாமந்தி பிழைப்பது அரிது.

ஆகாரமும் கவனிப்பும்

வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, வாயினும் சிறிய இறால் அல்லது சிப்பிச் சதைத் துண்டு ஒன்று போதும். சந்தை இறாலை ஓடு நீக்கி, சுத்த நீரில் அலசி உபயோகிக்கலாம். கருவாடும் மசாலாப் பொருளும் கூடா. தின்னாத இரையை உடனே அகற்ற வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவருதல் நலம். கையுறை அணியாமல் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துச் சிவக்கும்.

சாமந்தி சில வேளை பந்துபோல் சுருங்கி, தவிட்டு நிறக் கழிவைக் கக்கி, சில மணி நேரத்தில் மீண்டும் விரியும். இது இயல்பே; செத்ததென்று பயந்து எறிந்துவிடலாகாது. வாய் பிளந்தே நின்று, சதை கரைந்து, துர்நாற்றம் வீசினால் மாத்திரமே இறந்ததென்று அறிந்து, அதனை அக்கணமே எடுத்துவிட்டு நீரிற் பாதியை மாற்ற வேண்டும்.

கழிவு நீர்

மாற்றிய உப்புநீரைச் செடி கொடிகளுக்கு ஊற்றலாகாது. 20 லிட்டர் கழிவு நீரில் 700 கிராம் உப்பு இருக்கிறது. வாரந்தோறும் ஒரே இடத்தில் இதனைக் கொட்டினால் அந்நிலம் உவராகும். அருகிலுள்ள கிணறும் கெடும். நகரத்தார் சாக்கடைக் குழாயில் விடலாம். கிராமத்தார் வாய்க்கால், ஊருணி, கண்மாய் எதிலும் விடாமல், வெயிலில் ஆழமற்ற தொட்டியிற் காயவைத்து உப்பை வாரி அப்புறப்படுத்துவது உத்தமம்.

இவ்வளவு முயற்சியும் செலவும் தாங்குமா என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரு கோடை முழுவதும் தொட்டி நீரை 27 டிகிரிக்கு மேற்படாமல் வைத்துக் காட்டியவர், அடுத்த பருவத்தில் ஒரு குமிழ்நுனிக் கன்றை நம்பிக்கையுடன் விடலாம். அதற்கு வசதியில்லாதவர் பொரிப்பகத்துக் கோமாளி மீன் ஜோடியையும் கவிழ்த்த மண்சட்டியையும் வைத்து வளர்க்கட்டும். அம்மீன்கள் சட்டியையே வீடாகக் கொண்டு முட்டையிடுவதும், தகப்பன் மீன் அம்முட்டைகளுக்கு விசிறிக் காவல் நிற்பதும் கண்கொள்ளாக் காட்சியாகும்.